யார் பெயரில் இந்தக் கிளாக்?

"என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வைஃபை டிரைவரில் கிளாக் சம்பந்தமாக மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துக் கேள்வி கேட்பதுதான் வேலையாம். கேள்வி கேட்பதற்குக்கூடவா சம்பளம்?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கொடுக்கலாம் ஐயா. இன்னும் கொஞ்சம் கூட்டியே கொடுக்கலாம்.

லினக்ஸ், கெர்னல், டிரைவர் எல்லாம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் பழகிய பெயர்கள்தான். கிளாக்குக்கு வருவோம்; சிப்பின் வேலைக்குத் தாளம் போடும் சீரான மின்துடிப்பு அது. வைஃபை சிப்புக்குப் பெரும்பாலும் இரண்டு கிளாக் வேண்டும். வேகமானது 26, 37.4, 40 மெகாஹெர்ட்ஸ் என்று சிப்புக்குச் சிப் மாறும். ரேடியோ அலைவரிசையை அதைப் பெருக்கித்தான் எடுக்கிறார்கள். பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் அது பிசகக் கூடாது என்பது விதி. சின்னப் பிசகுதானே என்று தோன்றும். 5 கிகாஹெர்ட்ஸில் அதுவே ஒரு லட்சம் ஹெர்ட்ஸ்.

மெதுவானது விநாடிக்கு 32,768 முறை துடிப்பது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே எண். 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, தான் இருப்பதை அறிவிக்கும் பீக்கன் அனுப்புகிறது. நடுவில் சிப் வேகமான கிளாக்கை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடும். அடுத்த பீக்கன் வரும் நேரத்துக்கு அதை எழுப்பிவிடுவது இந்த மெதுவான கிளாக்தான். பல போர்டுகளில் இது வைஃபை சிப்புக்கு வெளியே, பவரைக் கவனிக்கும் சிப்பிலிருந்து தனிக் கம்பியில் வருகிறது. அதைத் திறந்துவிடும்படி மென்பொருள் கேட்க வேண்டும். கேட்க மறந்தால்?

எனக்கு மிகவும் பிடித்த விநோதம் இங்கேதான் இருக்கிறது. 2012-இல் வந்த 3.4 கெர்னலிலிருந்து, கிளாக்குகளைப் பொதுவாக மேய்க்க ஒரு சட்டகம் இருக்கிறது. யார் யாருக்கு எந்தக் கிளாக் வேண்டும் என்று அது எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். கேட்டால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்யமானால் கிளாக் நின்றுவிடும். அதோடு இன்னொரு காரியமும் செய்கிறது. மெஷின் எழுந்து முடிக்கும் தறுவாயில், யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும் கிளாக்குகளைத் தேடித் தேடி அணைத்துவிடும். நான் தங்கிப் படித்த விடுதியில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். இரவு பத்து மணிக்குப் படிப்பறை நோட்டைப் புரட்டுவார்; பெயர் எழுதியிருந்தால் விளக்கு எரியும், இல்லையென்றால் உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தாலும் அணைத்துவிடுவார். கெர்னலும் அந்த ஜாதிதான்.

கெர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் ஒரு கிளாக்கைத் திறந்துவிட்டுப் போயிருக்கும். டிரைவர் எழுதியவர் கேட்காமலே வைஃபை ஓடும். கொஞ்ச நேரத்தில் கெர்னல் வந்து அணைக்கும், வைஃபை செத்துப்போகும். இதைவிட மோசமான ரகமும் உண்டு. வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருந்து, மெதுவான கிளாக்கைப் புளூடூத் டிரைவர் மட்டும் கேட்டிருந்தால், புளூடூத் இருக்கும்வரை வைஃபையும் இருக்கும். ஒருநாள் யாரோ புளூடூத்தை அணைப்பார்கள். வைஃபை ஏன் போனது என்று அந்த வீட்டில் யாருக்குப் புரியும்? வைஃபை பகுதி முதன்மைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் சில சாதனங்களிலோ, கிளாக் நின்ற பகுதியின் ரெஜிஸ்டரை, அதாவது டிரைவர் அதனோடு பேசும் இடத்தை, தொட்டால் மெஷின் மொத்தமும் உறைந்துவிடும். பிழைச் செய்தி எழுதக்கூட நேரம் இருக்காது.

இந்த அணைப்பு வேலையையே தடுத்துவிட ஒரு பூட் ஆப்ஷன் இருக்கிறது. எந்தக் கிளாக்கைக் கேட்க மறந்தோம் என்று கண்டுபிடிப்பதற்காக வைத்தது. அதையே நிரந்தரமாகப் போட்டு, "சரியாகிவிட்டது" என்று பெட்டியை விற்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. டிரைவரில் நாலு வரி சேர்த்து, மூலக் கெர்னலுக்கு அனுப்பி, நாலு பேர் கேட்பதற்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. வாங்கியவர் வீட்டில் வேண்டாத கிளாக்கெல்லாம் ஓடி மின்சாரம் வீணாகும். அடுத்த கெர்னலுக்கு மாறினால் பழைய கதை புதிதாகத் தொடங்கும்.

அந்த நாலு வரியைத்தான் அந்தப் பெண் படிக்கிறாள். அதில் கேட்க என்ன இருக்கிறது? நிறைய. கிளாக் தரும் டிரைவர் இன்னும் எழாவிட்டால், "பிறகு வா" என்று ஒரு பதில் வரும். அதைக் "கிளாக்கே கிடையாது" என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறதா இந்தக் கோட்? கிளாக்கைத் தயார் செய்வது ஒரு படி, ஓடவிடுவது இன்னொரு படி. முதல் படி காத்திருக்க வைக்கலாம் என்பதால் இன்டரப்ட் (சாதனம் குறுக்கிட்டு அழைப்பது) நடுவே கூப்பிடக் கூடாது, கூப்பிட்டிருக்கிறதா? ஐந்தாவது வேலை தோற்றால் முதல் நாலையும் தலைகீழ் வரிசையில் கழற்றுகிறதா?

அவள் அதிக நேரம் நிற்கும் இடம், டிரைவர் வெளியேறும் பகுதியாகத்தான் இருக்கும். சில பொருள்களைக் கெர்னலே தானாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் டிரைவர் கையால் கழற்றுவதெல்லாம் முடிந்த பிறகே அது நடக்கும். கிளாக்கைக் கையால் அணைத்துவிட்டு, இன்டரப்டைக் கெர்னல் பொறுப்பில் விட்டிருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு கண இடைவெளி. அந்தக் கணத்தில் இன்டரப்ட் ஒன்று வந்து, கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொட்டால் போச்சு. ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் இது கண்ணில் படாமல் போகலாம். உட்கார்ந்து படிக்கிறவர் கண்ணில் படும்.

கேள்விக்கெல்லாம் பதில் வந்து, அந்த மாற்றம் அடங்கிய பேட்ச் இரண்டாவது மூன்றாவது வடிவம் எடுத்து, திருப்தியானால், "நான் பரிசீலித்தேன்" என்று தன் பெயரோடு ஒரு வரி கொடுப்பாள். அது கெர்னல் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கும். அந்த வரிக்கு என்ன பொருள் என்று கெர்னல் ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: பரிசீலித்தவர், இந்த மாற்றம் சொன்னபடி வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் தரவில்லை.