நுரை பொங்கினால் பலம் என்று அர்த்தமா? வீட்டு ரிப்பேருக்கு 'பியூ க்ளூ' பயன்படுத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கால் ஆடும் மர நாற்காலி, அடிப்பலகை பிரிந்த டீப்பாய், மூலை விரிந்த ஜன்னல் சட்டம். இதற்கெல்லாம் "பியூ க்ளூ வாங்கிப் போடுங்க, ஆயுசுக்கும் அசையாது" என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய வலம் வருகின்றன. ஆனால், வாங்கி ஒட்டிய சிலருக்கு கிடைப்பதோ மஞ்சள் நிற நுரை மட்டும்தான். மறுநாள் லேசாக இழுத்தாலே ஒட்டிய பாகம் கையோடு வந்துவிடுகிறது.

பசை போலியா? பெரும்பாலும் இல்லை. இது வேலை செய்யும் விதமே வேறு. அது என்ன, எங்கே போடலாம், எங்கே போடவே கூடாது என்பதைப் பார்க்கலாம்.

'பியூ' என்றால் என்ன?

பாலியூரித்தேன் என்பதன் சுருக்கம்தான் பியூ. 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் வேதியியலாளர் ஓட்டோ பேயரும் அவரது குழுவினரும் இதைக் கண்டுபிடித்தனர். மெத்தையில் இருக்கும் ஸ்பாஞ்ச், ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் நுரை, பல ஷூக்களின் சோல் எல்லாமே இதே குடும்பம்தான்.

கடையில் 'பியூ' என்று மட்டும் கேட்டால் மூன்று வெவ்வேறு பொருட்களில் எதை வேண்டுமானாலும் தருவார்கள். பாட்டிலில் தேன் போல வருவது ஒட்டும் பசை. துப்பாக்கி மாதிரி கருவியில் வைத்துப் பிதுக்குவது, விரிசல் அடைக்கும் ரப்பர் போன்ற சீலண்ட். ஸ்பிரே டப்பாவில் வருவது கதவு நிலையைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பும் நுரை. இங்கே நாம் பேசுவது முதல் வகையை மட்டும்.

தண்ணீர் பட்டால்தான் ஒட்டுமா?

ஆமாம். இதுதான் பலரும் தவறவிடும் விஷயம்.

ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசை, அதில் இருக்கும் தண்ணீர் வெளியேறும்போது இறுகும். பியூ க்ளூ நேர் எதிர். இதற்குத் தண்ணீர் உள்ளே வர வேண்டும். இதில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. அப்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியாகிறது. அந்த வாயுக் குமிழிகள்தான் நுரையாகப் பொங்குகின்றன. சில பிராண்டுகள் போட்ட அளவைவிட 3 முதல் 4 மடங்கு வரை உப்பும்.

அதாவது, நுரை என்பது பலத்தின் அடையாளம் அல்ல. வாயு அடைத்த பஞ்சு, அவ்வளவுதான். உண்மையான பிடிப்பு, இரண்டு பரப்புகளும் இறுக்கமாகச் சேரும் இடத்தில் இருக்கும் மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தால் அதை நுரை நிரப்பும். ஆனால் பாரம் தாங்காது. "நிறைய ஊத்தினா நல்லா பிடிக்கும்" என்பது இந்தப் பசைக்குப் பொருந்தாது.

எதற்கு எந்தப் பசை?

உள்ளறையில் இருக்கும் சாதாரண மரச்சாமான் என்றால் வெள்ளைப் பசையே போதும். விலையும் குறைவு, துடைப்பதும் சுலபம்.

சின்ன பீங்கான் பொம்மை, சாவிக்கொத்து போன்றவற்றுக்கு ஃபெவிக்விக் வகை போதும்.

உலோகம், உடைந்த மூலை, நிரப்ப வேண்டிய பள்ளம் என்றால் அரால்டைட், எம்-சீல் போன்ற இரண்டு பொருள் கலக்கும் எபாக்சி நல்லது.

பியூ க்ளூவுக்கு உண்மையான வேலை, ஈரம் படும் இடத்திலும் இரண்டு வேறு பொருட்களைச் சேர்க்கும் இடத்திலும்தான். பால்கனி ஸ்டூல், வாசல் பலகை, மரத்தோடு கல், மரத்தோடு செராமிக் போன்றவை. ஐரோப்பியத் தர முறையில் மரப் பசைகளை டி1 முதல் டி4 வரை பிரிக்கிறார்கள். ஈரத்தை அதிகம் தாங்குவது டி4. பாட்டிலில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

பிளாஸ்டிக் குடத்தை ஒட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பக்கெட், குடம், பிளாஸ்டிக் நாற்காலி போன்றவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனில் செய்யப்படுபவை. இவற்றின் பரப்பில் பசை பரவாது. காய்ந்ததும் தோல் போல உரிந்துவிடும்.

சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பொருளைக் கவிழ்த்து, முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4, 5 என்று இருந்தால் பியூ க்ளூவுக்குப் பணம் செலவு செய்யாதீர்கள்.

சரியாக ஒட்டுவது எப்படி?

1. பழைய பசை, மெழுகு, பெயின்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவும். பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்கவும்.

2. தேக்கு போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்றால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து ஆற விடவும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

3. ஒரு பரப்பை மட்டும் ஈரத் துணியால் துடைக்கவும். ஈரப்பதம் இருந்தால் போதும், தண்ணீர் நிற்கக் கூடாது.

4. மற்றொரு பரப்பில் பசையை மெல்லிசாகத் தடவவும். எப்படியும் உப்பும் என்பதால் கொஞ்சமே போதும்.

5. சேர்த்து வைத்து கிளாம்ப் போடவும். இதுதான் மிக முக்கியமான படி. இறுக்கிப் பிடிக்காவிட்டால் உள்ளே பொங்கும் நுரையே இரண்டு பாகங்களையும் தள்ளிப் பிரித்துவிடும். கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றைச் சுற்றி, குச்சி விட்டு முறுக்கி இறுக்கலாம்; தட்டையான பொருள் என்றால் மேலே பாரம் வைக்கலாம்.

6. பல பிராண்டுகளுக்கு 1 முதல் 2 மணி நேரம் இறுக்கி வைக்க வேண்டும். முழு பலம் வர சுமார் 24 மணி நேரம் ஆகும். உங்கள் பாட்டிலில் போட்டிருக்கும் நேரமே இறுதிக் கணக்கு. அதற்குள் "ஒட்டிடுச்சா" என்று ஆட்டிப் பார்க்க வேண்டாம்.

7. வெளியே வழிந்த நுரையை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழுசிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு உளியாலோ பிளேடாலோ சீவி எடுத்தால் சுத்தமாக வரும். வெயில் படும் இடத்தில் பசைக் கோடு பழுப்பாகும் என்பதால் மேலே பெயின்ட் அடிப்பது நல்லது.

ஐசோசயனேட் என்றால் போபால் ஞாபகம் வருகிறதே?

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். அது சுமார் 39 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பசைகளில் பொதுவாக இருப்பது எம்டிஐ எனப்படும் வேறொரு ஐசோசயனேட். சாதாரண வெப்பநிலையில் இது மிக மிகக் குறைவாகவே ஆவியாகும். குடும்பப் பெயர் ஒன்று, குணம் வேறு.

அதற்காக அலட்சியமும் கூடாது. இந்த வகைப் பொருட்களோடு தொடர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத்திணறல் ஏற்படலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருட்களைத் தொழில்ரீதியாகப் பயன்படுத்துவோர் 2023 ஆகஸ்ட் 24 முதல் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம்.

வீட்டில் எப்போதாவது பயன்படுத்துபவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. ஒட்டிய இடத்தைச் சூடாக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே சரி. கையில் பட்டால் உடனே காய்ந்த துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் தோலில் இருந்து தானாக உதிரச் சில நாட்கள் ஆகும். சுரண்டிப் புண்ணாக்க வேண்டாம்.

நாய் வளர்ப்பவர்கள் கவனம்

இந்தப் பசை நாய்களுக்குப் பெரிய ஆபத்து. நக்கினாலோ பாட்டிலைக் கடித்தாலோ, வயிற்றில் உள்ள ஈரத்தில் பசை உப்பிக் கல் போன்ற கட்டியாகிவிடும். அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். வாந்தி எடுக்க வைக்கவோ தண்ணீர் புகட்டவோ முயலாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். குழந்தைகள் விழுங்கினாலும் அதேபோல தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே போடவே கூடாது?

ஏணி, ஊஞ்சல், தொட்டில் கொக்கி, சீலிங் ஃபேன், ஹெல்மெட், குக்கர் கைப்பிடி, கேஸ் டியூப். இவற்றில் எந்தப் பசையையும் நம்ப வேண்டாம். பசை விட்டுப்போவதற்கு முன் சத்தம் போட்டுச் சொல்லாது. உடைந்தால் ஆள் விழுவார், தீக்காயம் படும் என்ற இடத்தில் பாகத்தை மாற்றுவதுதான் ஒரே வழி. சாப்பாடு, குடிநீர் படும் பாத்திரங்களிலும் வேண்டாம்.

மிச்சப் பசை கல்லாகிவிடுகிறதே?

காற்றில் உள்ள ஈரமே இதைக் கெட்டியாக்கும் என்பதால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் திறந்த பாட்டில் சீக்கிரம் இறுகிவிடும். பயன்படுத்தியதும் பாட்டிலை அழுத்திக் காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கி, பாதியைக் கல்லாக்கித் தூக்கிப்போடுவதைவிட, ஒரே வேலைக்குப் போதுமான சின்ன பாட்டில் வாங்குவதே லாபம்.