50-ஆ, 52-ஆ? கிட்டார் பிக்கப்பின் இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் முறை

எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புதிய பிக்கப் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒலியைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆர்டர் கொடுக்கும் நேரத்தில்தான் இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: 50 மி.மீ. வேண்டுமா, 52 மி.மீ. வேண்டுமா? இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கராக இருந்தால், சாதாரண வகையா, எஃப்-ஸ்பேஸ்டு வகையா? ஏதோ ஒன்றைச் சொல்லி வாங்கிவிட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை. சில இடங்களில் மட்டும், 2 மி.மீ. தவறினால் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் போதும்.

எதை அளக்கிறோம்?

பிக்கப்பின் மேற்பரப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஓர் உலோகப் புள்ளி இருக்கும். அதை போல் பீஸ் என்பார்கள். ஆறாவது தந்திக்கான போல் பீஸின் நடுப்புள்ளியிலிருந்து முதல் தந்திக்கானதன் நடுப்புள்ளி வரை உள்ள தூரமே பிக்கப் இடைவெளி. சில தயாரிப்பாளர்கள் அடுத்தடுத்த இரண்டு போல் பீஸ்களுக்கு இடையிலுள்ள தூரத்தை மட்டும் தருவார்கள். அப்படி 10.4 மி.மீ. என்று போட்டிருந்தால் ஐந்தால் பெருக்குங்கள், 52 மி.மீ. கிடைக்கும்.

ஏன் இத்தனை அளவுகள்?

கிப்சன், ஃபெண்டர் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் தொடக்கம் முதலே வெவ்வேறு அகலத்தில் பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் தந்திகள் தங்கும் பகுதி) அமைத்ததே காரணம். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பழைய பாணி பிரிட்ஜில் தந்திகளின் மொத்த அகலம் சுமார் 56 மி.மீ. அதன் பிற்கால இரண்டு-ஊன்று பிரிட்ஜில் இது சுமார் 52.5 மி.மீ. கிப்சன் கிட்டார்களில் இன்னும் குறுகி, 50 மி.மீ.யை ஒட்டி இருக்கும். கிப்சன் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்து 1957-இல் கிப்சன் கிட்டார்களில் இடம்பெற்ற ஹம்பக்கர் அந்தக் குறுகிய அகலத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் இடைவெளி 49 முதல் 50 மி.மீ. வரை.

பிறகு ஃபெண்டர் பாணி உடலில் ஹம்பக்கரைப் பொருத்தும் பழக்கம் வந்தது. ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் 1970-களில் தானே பூட்டிய கிட்டாரில் பிரிட்ஜ் பக்க ஹம்பக்கர் சாய்வாக இருக்கும். இந்த இடைவெளிச் சிக்கலே அதற்குக் காரணம் என்பது கிட்டார் கலைஞர்களிடையே வழங்கும் விளக்கம். இன்று அகலமான ஹம்பக்கர்கள் தனியாகவே கிடைக்கின்றன. பிக்கப் தயாரிப்பாளரான டிமார்சியோ அவற்றை எஃப்-ஸ்பேஸ்டு என்கிறது. இன்னொரு தயாரிப்பாளரான சீமோர் டங்கன் டிரெம்பக்கர் என்கிறது. இவற்றின் அளவு 51 முதல் 53 மி.மீ. வரை.

பிரிட்ஜின் அகலம் மட்டும் போதாது

தந்திகள், கழுத்தின் மேல்முனையில் அவற்றைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி விசிறிபோல் விரிந்து செல்கின்றன. ஆகவே பிக்கப் எந்த இடத்தில் உட்காருகிறதோ, அந்த இடத்திலுள்ள அகலமே நமக்குத் தேவை.

கணக்கு எளிது. நட்டில் தந்திகளின் அகலம் 35 மி.மீ., பிரிட்ஜில் 52.5 மி.மீ., ஸ்கேல் நீளம் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலுள்ள தூரம்) 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 17.5 மி.மீ. ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப் பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 162 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது ஸ்கேல் நீளத்தில் கால் பங்கு. வித்தியாசத்திலும் கால் பங்கைக் கழித்தால் அங்கே அகலம் சுமார் 48 மி.மீ. பிரிட்ஜ் பிக்கப் சுமார் 41 மி.மீ. தூரத்தில் இருப்பதால் அங்கே 51.4 மி.மீ. ஒரே கிட்டாரில் இரண்டு இடங்களுக்கு இரண்டு அளவு. நெக்குக்கு 49 அல்லது 50, பிரிட்ஜுக்கு 52 என்று செட்டாக விற்பதற்கு இதுதான் காரணம்.

கிட்டாரில் பிக்கப் ஏற்கெனவே இருந்தால் கணக்கே வேண்டாம். அதற்கு நேர் மேலே, தந்திகளை ஒட்டி அளவுகோலை வைத்து, ஆறாவது தந்தியின் வெளி விளிம்பிலிருந்து முதல் தந்தியின் வெளி விளிம்பு வரை அளந்து, 0.7 மி.மீ. கழியுங்கள். 10–46 செட் தந்திகளுக்கு இது நடுப்புள்ளி அளவைத் தந்துவிடும்.

காதுக்குத் தெரியுமா?

1 மி.மீ. விலகினால் தெரியாது. போல் பீஸின் காந்தப்புலம் அதன் தலைக்கு மேல் மட்டும் நிற்பதில்லை, பக்கவாட்டிலும் பரவுகிறது. அந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் எழும்.

பழைய ஸ்ட்ராட்டே இதற்குச் சாட்சி. அதில் மூன்று இடங்களிலும் ஏறக்குறைய 52 மி.மீ. கொண்ட ஒரே வகை பிக்கப்தான். 56 மி.மீ. பிரிட்ஜ் இருந்ததால், பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே தந்திகளின் அகலம் 55 மி.மீ. ஆகிவிடும். அதாவது ஓரத் தந்திகள் இரண்டும் ஆளுக்கு ஒன்றரை மி.மீ. வெளியே ஓடின. அந்தக் கிட்டார்களில்தான் எத்தனையோ புகழ்பெற்ற இசைத்தட்டுகள் பதிவாயின.

விலகல் ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ.யைத் தாண்டினால் ஓரத் தந்திகள், குறிப்பாக முதல் தந்தி, கொஞ்சம் சன்னமாகக் கேட்கலாம். அதற்கு முன்பே ஒலியில் குறை தெரிந்தால் முதலில் பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். பழைய பாணி ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு (சிங்கிள் காயில்) ஃபெண்டர் சொல்லும் அளவு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் ஆறாவது தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதல் தந்திப் பக்கம் 2 மி.மீ. ஒலியின் வலுவை மாற்றுவதில் இடைவெளியைவிட உயரத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம்.

எங்கே துல்லியம் வேண்டும்?

மூடியில். சிங்கிள் காயிலின் பிளாஸ்டிக் மூடியும் ஹம்பக்கரின் உலோக மூடியும் துளைகளோடு வருகின்றன. 52 மி.மீ. பிக்கப்பின் மேல் 50 மி.மீ. மூடி இறங்காது. மூடியைத் தனியாக வாங்குபவர்கள் பிக்கப்பின் போல் பீஸ்களைக் கட்டாயம் அளக்க வேண்டும். தந்தியின் அகலம் இங்கே உதவாது.

அளவு சரியாக இருந்தும் தந்திகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கித் தெரிந்தால், பழி பிக்கப்பின் மேல் இல்லை. நெக் சற்றுத் திரும்பியிருக்கும். திருகாணியால் பூட்டிய நெக் என்றால், தந்திகளைத் தளர்த்தி, திருகாணிகளையும் சற்றே தளர்த்தி, நெக்கை மெல்ல நகர்த்தி இறுக்கினால் நேராகிவிடும்.

அளவுத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ரெயில் வகை பிக்கப்பை வாங்கலாம். அதில் தனித்தனி போல் பீஸ்களுக்குப் பதிலாக முழு நீளத்துக்கும் ஒரே உலோகப் பட்டை. தந்தி எங்கே ஓடினாலும் அதன் மேல்தான் ஓடும்.

முடிவாக: பிரிட்ஜ் பக்கத்தில் நீங்கள் அளந்தது 51 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அகலமான வகை. குறைவு என்றால் சாதாரண வகை. நெக் பக்கத்துக்குப் பெரும்பாலும் 49 அல்லது 50 போதும். உங்களுக்குப் பிடித்த ஒலியுள்ள பிக்கப் 1 மி.மீ. தள்ளிய அளவில் மட்டுமே கிடைத்தால், தயங்காமல் வாங்குங்கள்.