உங்களுக்குத் தெரியுமா? பூட் ஆகாத கெர்னலும் 14 சோதனைகளும்

● ஓசூர் ஆலையில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் திரை ஆண்ட்ராய்டில் இயங்குகிறது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ் கெர்னல்.

● கெர்னலின் புதிய பதிப்பு 9, 10 வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 14,000 மாற்றங்கள். பழைய பதிப்பில் நன்றாக ஓடிய கணினி புதியதில் பூட் ஆகாமல் நின்றால், காரணம் பெரும்பாலும் அவற்றில் ஏதோ ஒன்று.

● அந்த ஒன்றைப் பிடிக்க 14 சோதனைகள் போதும்! கிராமத்து மின்பாதையில் பழுது என்றால் லைன்மேன் ஒவ்வொரு கம்பமாக ஏறிக்கொண்டிருக்க மாட்டார். பாதி வழியில் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, முன்பாதிக்கு மட்டும் கரன்ட் விட்டுப் பார்ப்பார். கரன்ட் தடையின்றி ஓடினால் பழுது பின்பாதியில். பிறகு அதில் பாதி. கெர்னலிலும் இதே வழிதான்: நடுவில் உள்ள மாற்றம் வரை கெர்னலைக் கட்டி பூட் செய்து பார்க்க வேண்டும். 14 முறை பாதியாக்கினால் 16,384 மாற்றங்கள்கூட ஒன்றாகச் சுருங்கிவிடும்.

● இந்தக் கணக்கை நமக்காகப் போடும் கட்டளை ‘கிட் பைசெக்ட்’. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட் மென்பொருளை எழுதத் தொடங்கியதே கெர்னல் மாற்றங்களைப் பேணுவதற்காகத்தான்.

● பிழையே இல்லாத மாற்றமும் பூட் ஆவதைக் கெடுக்கும். 2019இல் 5.3 பதிப்பு தயாரானபோது, எக்ஸ்ட்4 கோப்பு முறையில் வட்டைத் தேவையின்றித் தொடுவதைக் குறைக்கும் நல்ல மாற்றம் ஒன்று சேர்ந்தது. உடனே ஒருவரது மடிக்கணினி உள்நுழைவுத் திரைக்கே வராமல் நின்றது. பாதி பாதியான தேடல் கை காட்டியது அந்த நல்ல மாற்றத்தை! கணினி தனக்கு வேண்டிய ரகசிய எண்களை உருவாக்க, வட்டும் விசைப்பலகையும் எப்போது இயங்குகின்றன என்ற ஒழுங்கின்மையைச் சேகரிக்கிறது. வட்டு வேலை குறைந்ததால் அந்தச் சேகரிப்பு போதவில்லை. எண் கேட்ட நிரல் காத்துக்கொண்டே இருந்தது. செப்டம்பர் 15 அன்று, வெளியீட்டு நாளிலேயே, டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். அந்தச் சேகரிப்பைச் சரிசெய்த பிறகு 5.4இல் அது மீண்டும் இடம்பெற்றது. பயனரின் கணினியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுக்கக் கூடாது என்பது கெர்னலின் முதல் விதி. எல்லா மென்பொருளுக்கும் இந்த விதி வேண்டும் என்பேன்.

● இந்தத் தேடலுக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கெர்னலைக் கட்டும் முறையும், ஒவ்வொரு சோதனையின் முடிவையும் ‘நல்லது’, ‘கெட்டது’ என்று சரியாகச் சொல்லும் பொறுமையும் போதும். சில பிழைகள் குறிப்பிட்ட வன்பொருளில் மட்டுமே தலைகாட்டும். அப்போது அந்தக் கணினி யார் மேசையில் இருக்கிறதோ, அவர்தான் சோதித்துச் சொல்ல முடியும்.

● தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கிறதா? சிடாக் நிறுவனம் உருவாக்கிய அதன் உள்ளேயும் இதே கெர்னல்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களே, வீட்டில் அப்படி ஒன்று சும்மா கிடந்தால் எடுத்துப் பழகுங்கள். அப்டேட்டுக்குப் பின் லினக்ஸ் எழவில்லை என்றால் அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்காதீர்கள். தொடக்க மெனுவில் பழைய கெர்னல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதில் நுழைந்து, ஓடிய பதிப்பு எண்ணையும் ஓடாத பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.