மாதிரி விமானங்களின் சில்லமைப்பு: ஓர் ஒப்புநோக்கு

வானொலி அலை வழியாக இயக்கப்படும் மாதிரி விமானத்தைச் செலுத்தப் பழகுவோர்க்கு வானிலும் பார்க்கத் தரையே மிகுந்த இடர் விளைப்பது. முதல் நாளிலேயே விசிறியும் மூக்கும் உடைந்துபோக, முயற்சியைக் கைவிட்டோர் பலர். ஆதலின், தொடக்கநிலையாளர்க்கு எத்தகைய சில்லமைப்பு உகந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சில்லமைப்புகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, இரு பெருஞ்சில்லுகளுடன் மூக்கின் கீழ் ஒரு சில்லுடையது; மற்றையது, வாலின் கீழ் ஒரு சிறுசில்லுடையது. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது சில்லின் இடம் மட்டுமன்று. புவியீர்ப்பு மையம் பெருஞ்சில்லுகளுக்கு முன்னே உள்ளதா, பின்னே உள்ளதா என்பதே அடிப்படையாகும்.

மூக்குச்சில்லமைப்பில் மையம் முன்னே உள்ளது. ஓடும் விமானம் சற்றுத் திரும்பினால், பின்னுள்ள சில்லுகளின் உராய்வு அதனை மீண்டும் நேர்ப்படுத்தும். வாற்சில்லமைப்பில் மையம் பின்னே இருத்தலால், சடத்துவம் அத்திருப்பத்தை மேலும் வளர்க்கும். சுக்கானால் உடன் திருத்தாவிடின் விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். இறங்கும்போதும் இவ்வேறுபாடு புலப்படும். பெருஞ்சில்லுகள் வேகத்துடன் தரையைத் தொடுகையில், முன்னையதில் மூக்குத் தாழ்ந்து உயர்த்துவிசை குறையும். பின்னையதில் வால் தாழ்ந்து, தாக்குகோணம் மிகுந்து, விமானம் மீண்டும் துள்ளியெழும்.

முழு அளவு விமானங்களின் வரலாறும் இதற்குச் சான்றாகும். வாற்சில்லுடைய செஸ்னா 170 விமானத்தினின்றே மூக்குச்சில்லுடைய செஸ்னா 172 உருவாகி, 1955இல் முதன்முறை பறந்தது. பயிற்சிக்கு எளிதான அவ்விமானம் இன்றுவரை 44,000இற்கு மேல் ஆக்கப்பட்டுள்ளது.

இதனைக் கொண்டு மூக்குச்சில்லே எங்கும் சிறந்ததெனத் துணிதல் பொருந்தாது. செஸ்னா ஓடிய தளம் வேறு; மாதிரி விமானம் ஓடும் புற்றரை வேறு. நான்கு அங்குலப் புல், சிறு சில்லுக்குப் புதர் போன்றது. மெல்லிய மூக்குக்கால் அதிற் சிக்கி வளையும். அன்றேல் தான் பொருத்தப்பட்ட மரச்சுவரையே பெயர்த்துவிடும். வாற்சில்லமைப்பிலோ பெரிய சில்லுகள் முன்னே உருண்டு புல்லைக் கடக்கும். விசிறியும் நிலத்தினின்று உயர்ந்து நிற்கும். ஆயினும் சில்லுகள் மையத்துக்கு மிக அண்மையில் அமைந்தால் விமானம் மூக்குக் குத்தும். தரையில் ஓடுகையில் உயர்த்திச் சுக்கானை மேல்நோக்கிப் பிடித்து, வாலைத் தாழ்த்தி வைத்தல் இதனைத் தடுக்கும்.

மூன்றாவது வழி, சில்லின்றியே கையால் எறிந்து பறக்கவிட்டு, வயிற்றால் இறக்குவதாகும். நிறையும் காற்றுத்தடையும் குறையும். கரடான நிலத்துக்கும் ஏற்கும். ஆனால் விசிறி மடங்குவதாகவோ பின்னே அமைந்ததாகவோ இருத்தல் நன்று. தரையில் ஓடவிட்டு எழுப்பும் பயிற்சி இம்முறையிற் கிட்டாது.

எனவே, விமானத்தைத் தெரிவதற்கு முன் நிலத்தை நோக்குதல் வேண்டும். தார்த்தளமோ நன்கு வெட்டிய புற்றரையோ வாய்ப்பின் மூக்குச்சில்லு. உயர்ந்த புல்லாயின் வாற்சில்லு. கற்களும் மேடுபள்ளமும் நிறைந்த வெளியாயின் சில்லற்ற விமானம் என்பதே எமது துணிபு.