கிறீச்சிடும் சக்கரத்துக்குள் எட்டுக் குண்டுகள்

பேரங்காடியில் அரிசி மூட்டைகள் அடுக்கிய மரத்தட்டை ஒருவர் தனியாளாக இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கைப்பிடியும் இரண்டு இரும்புக் கரங்களும் கொண்ட அந்த வண்டிதான் பேலட் ஜேக். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் எண்ணெய் அழுத்தத்தால் கரங்கள் உயரும். அந்தப் பாஸ்கல் விதியைப் பாடநூலில் படித்துக்கொள்ளலாம். இன்று அதன் காலடியைப் பார்ப்போம்.

ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் என் மாமா பல மாதங்களாக வலது தோளில் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஜேக்கைப் படுக்கவைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன் சக்கரம் ஒன்று சுழலவே இல்லை. தரையில் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தது.

நல்ல ஜேக்கில் ஒரு டன் சரக்கை வழவழப்பான சிமெண்டுத் தரையில் தொடர்ந்து நகர்த்த, அதன் எடையில் ஓரிரு விழுக்காட்டு விசை போதும். ஏறத்தாழ 100 முதல் 200 நியூட்டன். சக்கரம் உருளாமல் சறுக்கினால் கணக்கே மாறிவிடும். சறுக்கும் உராய்வு உருளும் உராய்வைவிடப் பல மடங்கு பெரிது. அந்தக் கூடுதல் விசையைத்தான் மாமாவின் தோள் கொடுத்துக்கொண்டிருந்தது.

சக்கரத்தைச் சுழலவைப்பது அதன் நடுவில் இருக்கும் பேரிங். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இடையில் எஃகுக் குண்டுகள், கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். இந்த யோசனை பழையது. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் 1794இலேயே வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் அமைத்துக் காப்புரிமை பெற்றார்.

பின்னால் இருக்கும் திருப்பு சக்கரங்களை விட்டுவிட்டு முன் சக்கரம் மட்டும் ஏன் முதலில் கெடுகிறது? மரத்தட்டின் இடுக்கில் நுழைய வேண்டியிருப்பதால் அதன் விட்டம் சுமார் 80 மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் செல்ல அது நான்கு முறை சுற்ற வேண்டும். 200 மில்லிமீட்டர் பின் சக்கரத்துக்கு ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலே போதும். சரக்கின் பளுவிலும் பாதிக்கு மேல் முன்னால்தான் விழுகிறது. பளு இரட்டித்தால் குண்டு பேரிங்கின் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும்! ஆனால் பல பேரிங்குகள் அந்த ஆயுளை எட்டுவதே இல்லை. பெட்டிகளைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் அச்சில் சிக்கி, ரப்பர் மூடியைக் கிழித்துவிடும். பிறகு தூசியும் தரை கழுவும் நீரும் உள்ளே புகும்.

மாமாவின் சக்கரத்திலிருந்து கழற்றியதில் 6204 என்று பொறித்திருந்தது. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரிடம் விளக்க வேண்டியதே இல்லை. 6 என்றால் ஆழப் பள்ளம் கொண்ட குண்டு பேரிங். 2 அதன் அளவு வரிசை. கடைசி 04ஐ ஐந்தால் பெருக்குங்கள்: 20 மில்லிமீட்டர், உள் துளையின் விட்டம். வெளி விட்டம் 47, அகலம் 14. பொதுவாக எட்டுக் குண்டுகள் இருக்கும். பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் உலோக மூடி. ஈரமான கிடங்குக்கு ரப்பர் மூடிதான் சரி.

விலை சில ரிங்கிட்தான். மாட்டுவதில்தான் தவறு நடக்கும். சக்கரத்துக்குள் இறுக்கமாக உட்காருவது வெளி வளையம். ஆகவே அதை மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போகும். குண்டு வளையத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது, அழுத்தமோ மிகப் பெரியது. வளையத்தில் பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே கரகரக்கும்.

மாமா அதே அளவுள்ள பழைய பேரிங்கின் வெளி வளையத்தை மேலே வைத்து, மேசைப் பிடிப்பானில் மெதுவாக அழுத்தினார். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங், இரண்டு சக்கரத்துக்கு நான்கு. ஒன்று கெட்டால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது என்பது அவர் கட்சி.

பழைய பேரிங்கை எனக்குக் கொடுத்தார். விரலில் மாட்டிச் சுற்றினால் மணலை அரைப்பதுபோல் இருக்கிறது.