உஷார்! சைக்கிள் டயரில் ஒட்டியிருக்கிறது மண்

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விசா வந்தாயிற்று. கிரைண்டர், குக்கர், பூஜைச் சாமான் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "சைக்கிளையும் போட்டுவிடலாமே, இடம்தான் இருக்கிறதே!" அங்கேயே கையைப் பிடித்து நிறுத்துங்கள். இடம் இருக்கிறதா என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

சைக்கிள்மீது அந்த நாட்டுக்குக் கோபம் ஏதுமில்லை. பயமெல்லாம் டயர் பட்டன்களுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் மண்மீதுதான். நம் தெருவில் மாடு நடக்கும், சாணி கிடக்கும், அதன்மேலேயே சைக்கிளும் போகும். கோமாரி நோய் நம் ஊர் மாடுகளுக்குப் புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1872-ல். கால்நடையையும் கோதுமையையும் ஏற்றுமதி செய்து சம்பாதிக்கும் நாடு அது. கிருமியோ விதையோ ஒளிந்துவரக்கூடிய ஒரு சிட்டிகை மண்ணைக்கூட உள்ளே விட மாட்டார்கள். இதற்கென்றே 2015-ல் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

கையோடு விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பயணி அட்டையில் அதைச் சொல்லியே ஆகவேண்டும். 'ஆம்' என்று குறித்ததற்காக யாரும் தண்டிக்கப்படுவதில்லை. அதிகாரி பிரித்துப் பார்ப்பார், சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார். அழுக்காக இருந்தால் உங்கள் செலவில் சுத்தம் செய்யவேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ நேரும். மறைத்து மாட்டிக்கொண்டால்தான் கதை கந்தல். அபராதம் ஆயிரக்கணக்கான டாலர்வரை போகும். 2021 முதல் மாணவர் விசாவையும் தற்காலிக வேலை விசாவையும்கூட இதற்காக ரத்து செய்ய முடியும். ஒரு பழைய சைக்கிளுக்காக விசாவையா பணயம் வைப்பது?

வாட்டர் வாஷ் அடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மட்கார்டின் உள்பக்கம், செயின் கவர், பெடல் இடுக்கு, ஸ்டாண்டின் பாதம், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுக்க வேண்டும். கழுவிய பிறகு கடையிலிருந்து ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வருகிற புத்திசாலிகளும் உண்டு! தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். பேக்கிங்கில் வைக்கோல் கூடாது, பழம் வந்த பழைய அட்டைப்பெட்டி கூடாது. முன்னால் பிரம்புக்கூடை இருந்தால் கழற்றிவிடுங்கள். அதற்கும் தனியாகச் சோதனை உண்டு.

அடுத்தது பணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. கப்பல் ஏஜென்ட் சொல்லும் தொகை பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து துறைமுகம்வரைதான். மெல்போர்னில் இறக்குகூலி, ஆவணக் கட்டணம், சோதனைக் கட்டணம் என்று தனி பில் வரும். வரிச்சலுகை வேண்டுமானால் பொருள் உங்களிடம் 12 மாதமாவது இருந்து புழங்கியிருக்க வேண்டும். புறப்படும் ஜோரில் புதுசாக வாங்கிக் கட்டினால் அந்தச் சலுகை இல்லை. விமானத்திலும் சுலபமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்கவேண்டும் என்பது பல விமான நிறுவனங்களின் கணக்கு. சைக்கிள் பெட்டி அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும்.

பேட்டரி சைக்கிளா? பயணிகள் விமானத்தை மறந்துவிடுங்கள். 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அதில் அனுமதியே இல்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 360 ஆகிவிடுகிறது. கப்பலிலும் அது அபாயச் சரக்குக் கணக்கில்தான் வரும்.

தாத்தா ஓட்டிய கறுப்புக் கம்பி பிரேக் சைக்கிள்மீது பலருக்கு ஆசை. எனக்கும் அந்த வண்டி பிடிக்கும். ஆனால் அதன் டயர் 28க்கு 1½. அங்கே கடையில் 28 என்று கேட்டால் பெரும்பாலும் 700சி டயரை எடுத்து நீட்டுவார்கள். அது இந்த ரிம்மில் உட்காராது. ஒரு டயர் கிழிந்தால் ஊரிலிருந்து வரவழைக்க வேண்டியதுதான்.

உங்கள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்த பிரேம், விலை உயர்ந்த ரேஸ் சைக்கிள், சூட்கேஸில் அடங்கும் மடக்கு சைக்கிள் என்றால் கொண்டுபோவதில் அர்த்தம் உண்டு. பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் கியர் சைக்கிளை இங்கேயே விற்றுவிடுங்கள்; அங்கே பழைய சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளின் சைக்கிளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், கப்பல் போய்ச் சேர்வதற்குள் கால் நீண்டிருக்கும்.

ஹெல்மெட்டையும் சும்மா விடாதீர்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி 1990-ல் உலகிலேயே முதலில் சட்டம் போட்டது விக்டோரியா மாநிலம். நியூ சவுத் வேல்ஸ் 2016-ல் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதற்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து ஒரேயடியாக 319 ஆக்கியது. உங்கள் ஹெல்மெட்டின் உள்ளே அந்தந்த மாநிலம் ஏற்கும் தரமுத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொண்டுபோன சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு, கடைக்கு நடந்தே போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.