தம் வாழ்வை எழுதியோர்



விடுதிக்கு வந்த முதல் வாரத்தில் என் அறைத் தோழர் என்னை ஒரு கேள்வி கேட்டார். அவர் ஹாசன் மாவட்டத்துக் கன்னடர். "உங்கள் ஊர் எப்படி இருக்கும்?" என்பதே அக்கேள்வி. தாமிரபரணியைச் சொன்னேன், அல்வாவைச் சொன்னேன், அதற்குமேல் சொல்ல நா எழவில்லை. சில நாட்களுக்குப் பின் நம் சங்கத்துக் கூட்டம் ஒன்றில் தமிழ் நண்பர் ஒருவர், "ஊரில் எந்தத் தெரு?" என்று வினவினார். அப்போது பேச்சையே மாற்றிவிட்டேன். வேதியியலில் முதுகலை பயிலும் எனக்கு ஒரு மூலக்கூற்றின் அமைப்பை விளக்கத் தெரிகிறது. பிறந்த தெருவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. இக்குறையைப் பெரிதும் போக்கியவை சில நூல்கள். அவற்றை உங்களுக்கும் அறிமுகப்படுத்தவே இக்கட்டுரை.

முதலில் இவ்வகை நூல்களின் இயல்பைப் பார்ப்போம். பிறப்புத் தொடங்கி வாழ்வை வரிசையாகச் சொல்வது தன்வரலாறு. வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஆழ்ந்து நோக்குவது நினைவுநூல். ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி எழுதுவோரின் மனம் செல்லும் வழியைக் காட்டுவது கட்டுரை. தமிழில் தன்வரலாற்றுக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நல்ல வழிகாட்டி. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத்தொடங்கிய அது, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றது. அதைப் பலர் அறிவர். நான் கூற விரும்புவன அதற்குப் பின் வந்தவை.

நாம் வாழும் நகரிலிருந்தே தொடங்குவோம். யாதவகிரியில் ஆர். கே. நாராயண் வாழ்ந்த வீடு 2016 முதல் காட்சியகமாக இருக்கிறது. அவரும் நம்மைப் போல் தமிழகத்திலிருந்து வந்தவரே. அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'மை டேஸ்' 1974இல் வெளிவந்தது. சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் மயிலோடும் குரங்கோடும் கழிந்த இளமையில் அந்நூல் தொடங்குகிறது. 1939இல் மனைவியை இழந்த துயரையும் அதில் சொல்கிறார். நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர் துயரைச் சொல்லும்போதும் குரலை உயர்த்துவதில்லை. எளிய நடை வேண்டுவோர் இதை முதலில் படிக்கலாம்.

ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது. அந்நூலில் என் தெரு இல்லை. அதை நான் கண்டது வேறிடத்தில். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியராய் இருந்த அரவிந்த மாலகத்தியின் தன்வரலாற்றை, 'கவர்ன்மென்ட் பிராமணன்' என்னும் பெயரில் பாவண்ணன் தமிழாக்கியிருக்கிறார். அரசின் உதவி பெற்றுப் படிக்கும் தலித் மாணவரை எள்ளி அழைக்கும் பெயரையே ஆசிரியர் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தார். மாலகத்தியைப் பற்றி எனக்குச் சொன்னவர் அறைத் தோழரே. அவர் கன்னடத்திலும் நான் தமிழிலுமாக ஒரே நூலைப் படித்தோம். இரவு விளக்கணைத்த பின் அதைப் பற்றிப் பேசினோம். நூலாசிரியரின் ஊரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, மெல்ல என் ஊருக்கு வந்து சேர்ந்தது.

கைம்மாறாக நான் அவருக்குப் பாமாவின் 'கருக்கு' நூலைச் சொன்னேன். அவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தார். 1992இல் வெளிவந்த இந்நூலில் பேச்சுத் தமிழே எழுத்துத் தமிழாக நிற்கிறது. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய பின் பாமா இதை எழுதினார். பனைமட்டையின் இருபுறமும் உள்ள அறுக்கும் விளிம்புதான் கருக்கு. என் பாட்டி பேசும் சொற்களை அச்சில் கண்டபோது, இவை எழுதத் தகாதவை என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எவரும் சொல்லவில்லை, நானே அப்படிக் கருதியிருந்தேன்.

அறிவியல் மாணவர்க்கு ஒரு நூல். சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2018இல் வெளியிட்ட 'ஜீன் மெஷின்' அது. செல்லுக்குள் புரதங்களை உண்டாக்கும் ரைபோசோமின் வடிவைக் கண்டறிந்த கதை. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, உயிரியல் கற்க அவர் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். ஆய்வாளரிடையே உள்ள போட்டியையும் பரிசு மேல் உள்ள ஆசையையும் ஒளிக்காமல் எழுதுகிறார். சோதனை தவறிப்போன மாலையில் படிக்கத் தக்க நூல்.

கட்டுரை விரும்புவோர்க்கு இருவரைச் சொல்வேன். ஒருவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். 'தாமரை பூத்த தடாகம்', 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' ஆகிய தொகுதிகளில் காட்டையும் பறவையையும் பற்றி எழுதுகிறார். 'வனவிலங்கு' என்றால் பறவையும் பூச்சியும் விடுபடுமன்றோ? ஆகவே 'காட்டுயிர்' என்கிறார். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்போர் இவரைப் படித்தல் நன்று. மற்றவர் அ. முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பணியாற்றிக் கனடாவில் குடியேறியவர். அவருடைய கட்டுரைத் தொகுதி ஒன்றின் பெயர் 'அங்கே இப்ப என்ன நேரம்?' என்பது. கடல் கடந்து வாழ்வோர் தொலைபேசியில் கேட்கும் கேள்வி இது. ஊரை விட்டு வந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவிக்கும் அளவுப் பிழை உண்டு. நினைவும் அத்தகைய கருவியே. ஒருவர் எழுதியதை ஊர் முழுவதன் வரலாறாகக் கொள்ளாதீர்கள். அதற்காகப் பொய் என்று தள்ளவும் வேண்டா. இருவர் எழுதியதை அடுத்தடுத்துப் படியுங்கள். மாலகத்தியும் பாமாவும் வேறு மாநிலத்தவர், வேறு மொழியினர். இருவரும் ஒன்றையே சொல்லுமிடத்தில் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வுக்குப் படிப்பதுபோல் ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டா. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.

அன்று கேட்ட நண்பருக்கு இன்று விடை சொல்கிறேன். எங்கள் வீடு ஊருக்குள் எந்தத் தெருவிலும் இல்லை. ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பால், காலனியில் இருக்கிறது. வாசலில் ஒரு முருங்கை மரம் உண்டு. இதைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

நம் சங்க அறையில் ஒரு சிறு அலமாரி காலியாக இருக்கிறது. மேற்கூறியவற்றுள் என்னிடம் உள்ள மூன்று நூல்களை அதில் வைக்கிறேன். எடுத்துச் செல்வோர் படித்துத் திருப்பித் தருவதோடு, தம் ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இதழாசிரியரிடம் கொடுத்தால் மகிழ்வேன். நடை எப்படி இருந்தாலும் குற்றமில்லை.